டோர்னோக்கின் இரண்டாவது கோல்ஃப் மைதானம்: ஸ்ட்ரூயி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸில். கோடை நெருங்கினாலே லண்டனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் செய்திகள் வர ஆரம்பித்துவிடும்: "டோர்னோக்கில் இடம் கிடைக்கவில்லை, பக்கத்தில் இன்னொரு மைதானம் இருக்கிறதாமே, போகலாமா?" ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து கை வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

ஸ்ட்ரூயின்னா என்ன? டோர்னோக்ல ஒரே ஒரு மைதானம்தானே இருக்கு?

இரண்டு இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் வடகிழக்கே, சதர்லாந்து வட்டாரத்தில், கடலை ஒட்டிய சின்ன ஊர் டோர்னோக். அங்கே 1877இல் தொடங்கிய கிளப்புக்கு 1906இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் 'ராயல்' பட்டம் கொடுத்தார். உலகத் தரவரிசைப் பட்டியல்களில் நீங்கள் பார்ப்பது அந்தக் கிளப்பின் சாம்பியன்ஷிப் மைதானம். அதே கிளப்புக்குச் சொந்தமான இன்னொரு 18 துளை மைதானம்தான் ஸ்ட்ரூயி.

பெரியது ஊரிலிருந்து வடக்கே எம்போ கிராமத்தைப் பார்த்து நீள்கிறது. ஸ்ட்ரூயி தெற்கே, டோர்னோக் ஃபர்த் என்ற கடற்கழியைப் பார்த்துத் தாழ்வான நிலத்தில் கிடக்கிறது. கழியின் அக்கரையில் இருக்கும் குன்றின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள்.

பேரை எப்படிச் சொல்றது? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க.

ஸ்ட்ரூயி என்பதில் சிக்கல் இல்லை, எழுதியபடியே சொல்லுங்கள். டோர்னோக்கில்தான் வெளியூர்க்காரர் மாட்டிக்கொள்வார். கடைசி எழுத்தை 'பக்கம்' என்பதில் வரும் அழுத்தமான க் போலச் சொல்லாமல், 'பகல்' என்பதில் வரும் மெல்லிய க போலத் தொண்டையிலிருந்து காற்றாக விட வேண்டும். ஆங்கிலேயர்களே திணறும் ஒலி இது, நமக்குச் சுலபம்.

லிங்க்ஸ்னா கடலோரத்துல இருக்கற கோல்ஃப் மைதானம், அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டும் இல்லை. கடற்கரைக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன மணல் நிலம் அது. ஏர் ஓட்ட லாயக்கில்லை, ஆடு மேய்க்கலாம், முயல் வளை தோண்டும். அடியில் மணல் என்பதால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. மேலே வளர்வது ஃபெஸ்க்யூ போன்ற மெல்லிய, கெட்டியான புல். வெட்டிச் சீராக்கிய மெத்தையை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். காலடியில் தரை கடினமாக, கொஞ்சம் ஒலிப்பது போலக்கூட இருக்கும்.

பந்து விழுந்த பிறகு அங்கே நிற்காது, உருளும். முப்பது கஜம் உருண்டு நீங்கள் நினைக்காத இடத்தில் போய் உட்காரும். லிங்க்ஸ் ஆட்டத்தின் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. டோர்னோக்கில் கோல்ஃப் ஆடியதற்கு 1616ஆம் ஆண்டின் குறிப்பு இருக்கிறது. நானூறு ஆண்டுகளாக இந்த நிலம் மனிதரை இப்படித்தான் சோதித்து வருகிறது.

அது பழைய 'லேடீஸ் கோர்ஸ்'னு சொன்னாங்களே. அப்போ ரொம்பச் சுலபமா இருக்குமா?

முதல் பாதி சரி. ஸ்ட்ரூயியின் வேர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெண்களுக்காகப் போட்ட மைதானத்தில் இருக்கிறது. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது, லிங்க்ஸ் நிலத்தில் ஒரு பகுதி விமானத் தளத்துக்குப் போனது. போர் முடிந்ததும் மைதானங்களைத் திரும்ப ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. பெரிய மைதானத்தின் 6 முதல் 11 வரையிலான துளைகள் அந்தக் காலத்தில் புதிதாக வந்தவை. அவற்றை அமைத்தவர் 1920இல் பிரிட்டனின் ஓப்பன் கோல்ஃப் பட்டம் வென்ற ஜார்ஜ் டங்கன். புல் ஓடுதளம் இன்றும் இருக்கிறது. பந்தைத் தரையோடு உருட்டும் மட்டையான பட்டரை நீங்கள் கையில் எடுக்கும் நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஒரு குட்டி விமானம் இறங்கினால் பதற வேண்டாம்.

சுலபமா என்றால், பெரியதைவிடக் குட்டை, தட்டை. ஆனால் இங்கே வாய்க்கால்கள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் ஓடையை 'பர்ன்' என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, பச்சைப் புல் தொடர்ச்சியாக இருப்பது போலத்தான் தோன்றும். நல்ல அடி அடித்த திருப்தியில் நடந்து போவீர்கள், அங்கே ஓரடி அகலத் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், அடியில் உங்கள் பந்து வெள்ளையாகத் தெரியும். நான் முதல் தடவை ஆடியபோது மூன்று பந்துகளைக் கொடுத்தேன். மூன்றும் நேராகப் போன அடிகள் என்பதுதான் எரிச்சல்.

எனக்கு ஹேண்டிகேப் கார்டே கிடையாது. உள்ளே விடுவாங்களா?

சாம்பியன்ஷிப் மைதானத்துக்கு ஹேண்டிகேப் சான்று, அதாவது உங்கள் ஆட்டத் திறனை எண்ணால் காட்டும் அட்டை, கேட்பார்கள். ஸ்ட்ரூயியில் அந்தக் கெடுபிடி இல்லை. என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு ஸ்ட்ரூயி சரியான இடமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அதற்காக, வாழ்க்கையில் முதல் தடவையாக மட்டையைத் தொடுவதற்கான இடம் இது இல்லை. பந்து மேலே எழும்பும் அளவுக்காவது பழக்கம் வேண்டும். பின்னால் வருகிறவர்களைக் காக்க வைப்பது ஸ்காட்லாந்தில் பெரிய மரியாதைக் குறைவு. மெதுவாக ஆடுபவர் ஒதுங்கி நின்று வழிவிட்டால் சிரித்த முகத்தோடு கையசைத்துவிட்டுப் போவார்கள்.

எத்தனை நாள் முன்னாடி புக் பண்ணணும்?

பெரியதற்கு என்றால் மாதங்கள் முன்னால். கோடை நேரங்களை அமெரிக்கப் பயணக் குழுக்கள் முந்திக்கொள்வார்கள். ஸ்ட்ரூயிக்கு அவ்வளவு அடிதடி கிடையாது. சில வாரங்கள் முன்னால் இணையத்தில் பார்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும், வாரநாள் மதியம் என்றால் இன்னும் சுலபம். கிளப் போட்டி நடக்கும் நாளாக இருந்தால் நீண்ட நேரம் அடைத்திருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேட் எவ்வளவு? ராயல்னு பேரு வேற இருக்கே, சொத்தை எழுதிக் கேப்பாங்களா?

ராயலின் விலை பெரிய மைதானத்துக்குத்தான். அது இருநூறு பவுண்டைத் தாண்டிப் பல காலம் ஆகிறது. ஸ்ட்ரூயியின் கட்டணம் அதில் ஒரு சிறு பங்குதான். ஆண்டுக்காண்டு மாறுவதால் நான் எண்ணை எழுதவில்லை, கிளப் தளத்தில் அந்தப் பருவத்தின் விலை இருக்கும்.

எந்த மாசம் வந்தா நல்லது?

என்னைக் கேட்டால் மே கடைசி, ஜூன் தொடக்கம். அப்போது மைதானம் முழுக்க முட்புதர்கள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும். உள்ளூர்க்காரர் அந்தச் செடியை 'வின்' என்பார்கள். வெயில் பட்ட மதியத்தில் அதன் பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பாருங்கள், தேங்காய் பர்பி வாசனை அடிக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வருடம் வந்த என் அத்தை, "யாரோ இங்கே தேங்காய் துருவறாங்க" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஜூனில் இன்னொரு லாபம் வெளிச்சம். காலை நாலரைக்கு முன்பே விடிந்துவிடும், இரவு பத்தைத் தாண்டித்தான் சூரியன் மறையும். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினெட்டுத் துளைகளையும் நிம்மதியாக முடிக்கலாம். செப்டம்பரும் நன்றாக இருக்கும். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்கூட இல்லை, அதுவும் சாய்ந்த வெயில்.

கார் இல்லாம எப்படி வர்றது? ட்ரெயின் இருக்கா?

டோர்னோக்குக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது, 1902இல் வந்து 1960இல் மூடிவிட்டார்கள். இன்று பக்கத்து ஸ்டேஷன் என்றால் கழிக்கு அந்தப் பக்கம் இருக்கும் டெய்ன். அங்கிருந்து டாக்சி பிடித்தால் 1991இல் திறந்த பாலத்தின் வழியாகச் சீக்கிரம் வந்துவிடலாம். இன்வர்னெஸிலிருந்து வடக்கே தர்சோ பக்கம் போகும் பேருந்துகளில் டோர்னோக் வழியாகப் போகிறவை உண்டு. கோல்ஃப் பையை அடியில் வைத்துக்கொள்வார்கள், நேர அட்டவணையை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கார் எடுத்தால் இன்வர்னெஸிலிருந்து ஏ9 சாலையில் சுமார் 45 மைல், ஒரு மணி நேரம். எடின்பரோவிலிருந்து வந்தால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. காலையில் கிளம்பி, ஆடிவிட்டு, இரவே திரும்பலாம் என்று திட்டம் போட்டவர்கள் எல்லோரும் அப்புறம் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒரு ராத்திரி தங்குங்கள்.

இந்தியாவுலேருந்து மட்டை செட்டைச் சுமந்துட்டு வரணுமா?

ஒரு ஆட்டத்துக்காக என்றால் வேண்டாம். கடையில் வாடகைக்குக் கிடைக்கும், முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். என் மச்சான் ஆசையாகச் சொந்த செட்டைக் கொண்டுவந்தார். அவர் இன்வர்னெஸில் இறங்கினார், பை வேறு ஏதோ விமான நிலையத்தில் இறங்கியது. மூன்று நாள் கழித்து அவர் திரும்பிப் போகும் காலையில் பை வந்து சேர்ந்தது. வாடகை மட்டையில்தான் ஆடினார், வழக்கத்தைவிட நன்றாகவே ஆடினார். ஷூவையும் பழகிய பட்டரையும் மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

பகி கிடைக்குமா? எனக்கு முழங்கால் வலி.

பகியை, அதாவது மைதானத்துக்குள் ஓட்டிப்போகும் குட்டி வண்டியை, நம்பி வராதீர்கள். ஸ்காட்லாந்தில் இது நடந்து ஆடும் விளையாட்டு. பல கிளப்புகளில் பகி என்பது மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்காக வைத்திருக்கும் ஒன்றிரண்டுதான். உங்கள் விஷயத்தில் காரணம் இருக்கிறது, ஆகவே முன்பே எழுதிக் கேளுங்கள்.

இழுத்துப்போகும் டிராலி சுலபமாகக் கிடைக்கும். ஸ்ட்ரூயி தட்டையான நிலம் என்று மேலே சொன்னது இங்கே உதவும்: பெரிய மைதானத்தின் ஏற்ற இறக்கத்தைவிட இது முழங்காலுக்கு எவ்வளவோ மேல்.

என்ன டிரஸ் போடணும்? குடை எடுத்துட்டு வரலாமா?

காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் அல்லாத பேன்ட், போதும். அதற்கு மேல் மூன்று அடுக்கு: உள்ளே ஒன்று, கம்பளி ஒன்று, மழைக்கும் காற்றுக்கும் மேலே ஒன்று. ஜூலையிலும்தான். பகல் வெப்பம் பதினாறு பதினேழு டிகிரி என்று ஆப் சொல்லும், கடல் காற்று அதைப் பத்தாக்கிவிடும். கிழக்குக் கரையில் 'ஹார்' என்ற கடல் மூடுபனியும் உண்டு, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து கொடிக்கம்பத்தை விழுங்கிவிடும்.

குடை வேண்டாம். இங்கே மழை மேலேயிருந்து கீழே பெய்வதில்லை, பக்கவாட்டில் வரும். குடை முதல் துளையிலேயே காளானாக மலர்ந்துவிடும்.

நான் எப்பவும் பந்தை உயரமாத் தூக்கி கிரீன்ல போடுவேன். அங்கே அது செல்லாதுங்கறாங்க, நிஜமா?

நிஜம்தான். கிரீன் என்றால் துளையைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல் பரப்பு. நம் ஊர்களில் மைதானத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி மெத்தென்று வைத்திருப்பார்கள், உயரத்திலிருந்து விழும் பந்து பொத்தென்று நிற்கும். இங்கே அதே அடி இரண்டு காரணங்களால் கெட்டுப்போகும். மேலே போன பந்தைக் காற்று எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும். அது விழும் இடமோ சிமெண்ட் தரை மாதிரி, துள்ளிப் பின்னால் ஓடிவிடும். அதோடு, பந்தை உயரமாகத் தூக்கும் சாண்ட் வெட்ஜ் மட்டையின் தடித்த அடிப்பாகம் இந்தக் கெட்டித் தரையில் வழுக்கி, பந்தின் வயிற்றில் போய் அடிக்கும்.

ஆகவே தரையோடு ஆடுங்கள். ஒரு தடவை ஸ்ட்ரூயியில் கிரீனுக்கு இருபத்தைந்து கஜம் முன்னால் வெட்ஜை எடுத்துக்கொண்டு நின்றேன். அப்போது என்னோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, தன் பையிலிருந்து பட்டரை உருவித் தரையில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். கிரீனுக்கு வெளியே, அவ்வளவு தூரத்திலிருந்து பட்டரா! தயங்கித் தயங்கி அடித்தேன். பந்து ஒரு மேட்டில் ஏறி, தயங்கி, இடப்பக்கம் சரிந்து, துளைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அன்றிலிருந்து வெட்ஜ் பையிலேயே தூங்குகிறது. சாம்பியன்ஷிப் மைதானத்தின் கிரீன்கள் பலவும் தோசைக்கல்லைக் கவிழ்த்தது போல மேடாக இருக்கும், அங்கே இந்தப் பாடம் இன்னும் கடுமையாக நடக்கும். 1872இல் இந்த ஊரில் பிறந்த டொனால்ட் ராஸ் அமெரிக்காவுக்குப் போய் பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானத்தைக் கட்டினார். அதன் கிரீன்களைப் பார்த்தவர்களுக்கு டோர்னோக் ஞாபகம் வராமல் போகாது.

முட்புதர்ல பந்து போயிட்டா கையை விட்டு எடுக்கலாமா?

எடுக்கலாம், ஒரே ஒரு தடவை. அப்புறம் நீங்களே எடுக்க மாட்டீர்கள். அந்தத் தேங்காய் வாசனைச் செடிதான் இது. முட்கள் கம்பளியைத் தாண்டிக் குத்தும். 2019 விதிகளின்படி பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், பழைய ஐந்து நிமிடக் கணக்கு போய்விட்டது. கண்டுபிடித்தும் அடிக்க முடியாத இடம் என்றால் ஒரு தண்டனை அடி சேர்த்துக்கொண்டு வெளியே போடுங்கள். சந்தேகமாக இருந்தால் நடந்து போவதற்கு முன்பே இன்னொரு பந்தைத் தற்காலிகமாக அடித்துவிடுவது நல்லது. வாய்க்காலிலும் அதே ஒரு அடி தண்டனைதான்.

அண்ணா, நான் தனியா வர்றேன். ஒத்தையா ஆட விடுவாங்களா?

விடுவார்கள், ஆனால் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கொடுப்பார்கள். கடையில் "யாரோடாவது சேர்ந்து ஆடலாமா" என்று கேளுங்கள். ஸ்ட்ரூயியில் உள்ளூர் ஆட்கள் நிறைய ஆடுகிறார்கள், எனக்குப் பட்டர் பாடம் கிடைத்ததும் அப்படித்தான். பெரிய மைதானத்தில் உங்களுக்கு வாய்க்கும் ஜோடி பெரும்பாலும் உங்களைப் போன்ற இன்னொரு பயணியாக இருப்பார்.

என் வீட்டுக்காரர் ஆடுவார், நான் ஆட மாட்டேன். நாலு மணி நேரம் நான் என்ன பண்றது?

நாலு மணி நேரம் ஆகாது, அக்கா. இங்கே மூன்றரைக்குள் முடித்துவிடுவார்கள். மைதானத்தை ஒட்டியே மைல் கணக்கில் மணல் கடற்கரை இருக்கிறது, கூட்டமே இருக்காது. ஊர் நடுவில் 1224இல் கட்டத் தொடங்கிய பேராலயம். அப்புறம் லிட்டில்டவுன் பகுதியில், லிங்க்ஸ் விளிம்புப் பக்கம், ஒரு வீட்டுத் தோட்டத்தில் சின்ன நடுகல் ஒன்று. 1722 என்று வெட்டியிருக்கும். ஜேனட் ஹோர்ன் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி எரித்ததன் நினைவு அது. உண்மையில் நடந்தது 1727 என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. பிரிட்டனில் சூனியத்துக்காகச் சட்டப்படி மரண தண்டனை பெற்ற கடைசி ஆள் அவர்தான். மகளைக் குதிரையாக மாற்றி ஓட்டிப்போனாள் என்பது குற்றச்சாட்டு. கோல்ஃப் சிற்றேடுகளில் இதைப் பெரிதாகப் போட மாட்டார்கள், நீங்கள் போய்ப் பாருங்கள்.

மைதானத்துக்குள்ள ஜனங்க நாயைப் புடிச்சுக்கிட்டுக் குறுக்க நடக்கறாங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?

மாட்டார்கள், ஏனென்றால் அது அவர்கள் உரிமை. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி கோல்ஃப் மைதானத்தைக் கடந்து போக யாருக்கும் உரிமை உண்டு. கிரீன் மேல் நடக்கக் கூடாது, ஆடுபவருக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது, அவ்வளவுதான். முந்தைய கேள்வி கேட்ட அக்காவும் இப்படிக் கடக்கலாம். நீங்கள் அடிக்கும் முன் நின்று அவர்களைப் போகவிடுங்கள். பந்து தப்பான பக்கம் போனால் கூச்சப்படாமல் "ஃபோர்!" என்று எச்சரித்துக் கத்துங்கள்.

நாங்க சுத்த சைவம். சூப் குடிக்கலாமா?

கேட்காமல் குடிக்காதீர்கள். பருப்பு சூப் என்று பலகையில் எழுதியிருக்கும், பார்க்க நம் வீட்டுப் பருப்பு மாதிரியே இருக்கும். ஸ்காட்லாந்தில் அதைப் பன்றித் தொடைக் கறி வேகவைத்த தண்ணீரில் செய்வது வழக்கம். காய்கறி வேகவைத்த தண்ணீரா என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். எதுவும் சரிப்படவில்லை என்றால் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியும் வெண்ணெயும் ஜாமும் இருக்கவே இருக்கின்றன.

ஒரே நாள்தான் இருக்கு, ரெண்டுலயும் இடம் கிடைக்குது. எதுல ஆடறது?

சாம்பியன்ஷிப்பில். ஸ்ட்ரூயி எனக்குப் பிடிக்கும் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். 1886இல் அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரரும் மைதான வடிவமைப்பாளருமான ஓல்ட் டாம் மோரிஸ் வந்து பார்த்துப் போட்ட தடம் அது. 1981இல் அமெரிக்க கோல்ஃப் வீரர் டாம் வாட்சன் ஒரு ஆட்டத்துக்கு வந்து, விட மனமில்லாமல் திரும்பத் திரும்ப ஆடிவிட்டுப் போன இடம். காசும் ஹேண்டிகேப்பும் இருந்தால் அதை விடாதீர்கள்.

ஒன்றரை நாள் கிடைத்தால் என் பதில் மாறும். முதல் நாள் சாயங்காலம் ஸ்ட்ரூயி, மறுநாள் காலை பெரியது. அந்த வரிசையில்தான், மாற்றிவிடாதீர்கள். காற்று எவ்வளவு, பந்து எவ்வளவு உருளும், பட்டரை எங்கிருந்து எடுக்கலாம் என்பதையெல்லாம் கட்டணம் குறைவான மைதானத்தில் கற்றுக்கொள்ளுங்கள். நேராகச் சாம்பியன்ஷிப்பில் இறங்குபவர் முதல் ஒன்பது துளைகளை இதற்காகவே செலவழித்துவிடுகிறார், இருநூறு பவுண்டுக்கு மேல் கொடுத்து.

கடைசியா ஒண்ணு. ஸ்ட்ரூயில ஆடிட்டு 'ராயல் டோர்னோக்ல ஆடினேன்'னு சொல்லிக்கலாமா?

என் மச்சான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஸ்கோர் அட்டையில் கிளப்பின் பெயர் இருக்கிறது, ஆகவே பொய் இல்லை. "எந்த மைதானம்?" என்று யாராவது திருப்பிக் கேட்டால் மட்டும், பை தொலைந்த கதையை எடுத்துவிட்டுவிடுகிறார்.